சிறகுக் காற்று

சற்று நகர்ந்து அமருங்கள், ஐயா. எனக்கு இடம் வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் கால் நீட்டியிருக்கும் இடத்தில்தான் அவை முதலில் இறங்கும். இங்கே வந்த நாள்முதல் பார்த்துவருகிறேன். அதோ, அந்த வார்டின் கூரை விளிம்பில் சாம்பல் நிறத்தில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன அல்லவா? என் கையில் இந்த மஞ்சள் பையைக் கண்டதும் கழுத்தை நீட்டிப் பார்க்கும். முதலில் ஒன்று இறங்கும். ஒன்று இறங்கினால் ஊரே இறங்கும்.

உங்களுக்கு உள்ளே யார்? தகப்பனாரா? மூச்சிரைப்பா? இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அதுதான். கவலைப்படாதீர்கள். நோய் உடம்பில் தொடங்குவதில்லை, ஐயா, மனத்தில் தொடங்குகிறது. சனிக்கிழமைதோறும் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் இதைத்தான் சொல்லிவருகிறேன். என் பெயர் தாண்டவமூர்த்தி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்தில் புறா ஐயா வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுவந்து விடுவார்.

உள்ளே இருப்பவள் என் மனைவி, உலகம்மாள். இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் படி வழியாகத்தான் இறங்கி வரவேண்டும். ஒரு நிமிடம், எழுந்து பார்த்துவிடுகிறேன்.

இல்லை, வேறு யாரோ.

வீட்டுக்கு என்றேன். யார் வீட்டுக்கு என்பதுதான் பேச்சு. காலையில் என் மகள் பூங்கோதை இதே பெஞ்சுக்கு வந்தாள். தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "எப்பா, அம்மா கீழ இறங்குததுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இனிமே புறாவுக்கு ஒரு மணி கம்பு போடமாட்டேன்னா, அம்மா ஒங்க கூட வருவா. போடுவேன்னா, நான் தென்காசிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். பிறகு திரும்ப அனுப்ப மாட்டேன்." பெற்ற தகப்பனுக்கு ஒரு மகள் வைக்கிற நிபந்தனை, ஐயா. "நீ யார் பக்கம் பேசுகிறாய்?" என்றேன். "மூச்சு விடுதவ பக்கம்" என்றாள். சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

அதிலிருந்து இந்த இடத்தில் உட்காருகிறேன், எழுகிறேன், உட்காருகிறேன். முடிவு சொல்லவேண்டும் அல்லவா? முடிவு என்பது எளிய காரியமா? அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவேண்டும். நீங்கள் படித்தவர் போலத் தெரிகிறீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே நீதி சொல்லுங்கள்.

எங்களுடையது அடுக்கு வீடு. எங்களுடையதுதான் கடைசி மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி. ஓய்வு பெற்ற புதிதில், ஐயா, எனக்கு நாள் நகரவில்லை. அலுவலகத்தில் நான் வரும்வரை வராந்தாவில் மக்கள் காத்திருப்பார்கள். நாற்காலி இழுக்கும் ஓசை கேட்டதும் எழுந்து நிற்பார்கள். வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? பேப்பர் வாசிப்பேன். மதியம் இரண்டு மணியோ மூன்று மணியோ, நான் கூப்பிட்டால் உலகம்மாள் சோறு போடுவாள். அவளும் அதற்குப் பிறகுதான் சாப்பிடுவாள். வேறு யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. அப்படி ஒரு நாள் பால்கனிச் சுவரில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் கம்பு வைத்தேன். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கும் மறுநாள் நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வந்து காத்திருந்தது. அந்த உருண்டைக் கண்ணால் கதவையே பார்த்துக்கொண்டு. ஐயா, என்னை ஓர் உயிர் எதிர்பார்க்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு கூட்டம் பெருகிற்று. நல்ல காரியம் பெருகத்தான் செய்யும். ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு, குளியலறைச் சன்னலில் கூடு, துணி காயும் கம்பியில் வரிசை. காலையிலும் மாலையிலும் கம்பு தூவுவேன். தூவிவிட்டு உள்ளே வந்து கை கழுவிக்கொண்டு அவை தின்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு வழிபாடு. அவை போன பிறகு உலகம்மாள் வாரியலை எடுத்துக்கொண்டு போவாள். எச்சம் காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும் அல்லவா? அதைச் சுரண்டிப் பெருக்கி அள்ளுவாள். பால்கனியெங்கும் புகை மாதிரி எழும்பும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். வீட்டுக்குள் தூசி வரக்கூடாது.

கீழ் வீட்டுச் செல்லத்துரை ஒருநாள் படியேறி வந்தார். பஸ் டிப்போவில் வேலை பார்ப்பவர், வாய் கொஞ்சம் நீளம். "அண்ணாச்சி, ஒங்க புறா எங்க கொடியில காயுத வேட்டிக்கெல்லாம் பொட்டு வச்சு விடுது. ஞாயித்துக்கிழம கோயிலுக்கு நான் நாமம் போட்ட வேட்டியோடயா போவேன்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் சிரிக்கவில்லை. "தம்பி, வேட்டியில் படுகிற அழுக்கை நீர் போக்கும். நெஞ்சில் படுகிற அழுக்கை எது போக்கும்?" என்றேன். என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் நின்ற உலகம்மாளைப் பார்த்தார். "மைனி, ஒங்க நெஞ்சு எப்படி இருக்கு? ராத்திரி முழுக்க இருமுதீங்களே, கீழ கேக்கு" என்றார். பேச்சை மாற்றுவதில் வல்லவர்கள், ஐயா, இந்தக் காலத்து மனிதர்கள்.

அடுக்கு வீட்டுச் சங்கத்தில் கூடி எல்லாப் பால்கனிக்கும் வலை கட்டவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். நான் மறுத்தேன். அந்தக் கூட்டத்தில் எழுந்து ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஓர் ஊரின் எல்லையில் ஒருவன் இருந்தான். வழிப்போக்கர்கள் வெயிலில் வாடுவதைப் பொறுக்காமல் தன் வீட்டை ஒட்டியே ஓர் ஆலங்கன்றை நட்டான். கன்று மரமாயிற்று. ஊரார் நிழலில் இளைப்பாறி அவனை வாழ்த்தினார்கள். மரத்தின் வேர் அவன் வீட்டுச் சுவருக்குள் நுழைந்தது. மனைவி, சுவர் விரிகிறது என்றாள். நிழலும் விரிகிறது பார் என்றான் அவன். மறுபடியும் ஒருநாள், சுவர் சாய்கிறது என்றாள். கிளையும் சாய்ந்து ஊரைத் தழுவுகிறது பார் என்றான். கடைசியில் ஒரு மழையில் சுவர் விழுந்தது. ஊரார் ஓடிவந்தார்கள், தன் வீட்டை இழந்து எங்களுக்கு நிழல் தந்தானே என்று அவனை மரத்தடியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். அறம் செய்கிறவன் தன் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஐயா. அதுதான் கதையின் கருத்து.

என்ன கேட்டீர்கள்? சுவர் விழுந்தபோது உள்ளே யாரேனும் இருந்தார்களா?

அது கதையில் இல்லை, ஐயா. எத்தனையோ மண்டபத்தில் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. கதையைக் கருத்துக்காகக் கேட்கவேண்டும்.

பாருங்கள், ஒன்று இறங்கிவிட்டது. அசையாதீர்கள். இந்தாருங்கள், கொஞ்சம் தூவுகிறேன். ஏன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்கிறீர்கள்? மருத்துவமனை வாடையா? அந்தச் சுவரில் பறவைகளுக்கு இரை போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது மிச்சச் சோற்றை எறிகிறவர்களுக்கு. காவலாளியும் நேற்று வந்து சத்தம்போட்டான். "பெரியவரே, இது மூச்சுக்குத் திணறுதவங்க வார்டு. இங்க வந்துதானா?" என்றான். கைக்குப் பொறுப்பு வந்துவிட்டால் வாய்க்கு மரியாதை போய்விடுகிறது.

உலகம்மாளின் இருமல் எப்போது தொடங்கிற்று என்று சரியாகச் சொல்ல இயலாது. அவள் சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பாள், நான் ஏதேனும் படித்துக்கொண்டிருந்திருப்பேன். வறட்டு இருமல். மாலையானால் உடம்பு கொதிக்கும், குளிரும். காலையில் ஒன்றுமில்லாத மாதிரி எழுந்து வாரியலை எடுத்துக்கொள்வாள். பிறகு மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். பிறகு சேலை தொளதொளத்தது. ஒரு பெரிய மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனிதர், பொறுமைசாலி. அவர் அவளை நோக்கி, "வீட்டில் பறவை, பிராணி ஏதாவது வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார். அவளிடம் கேட்டார், நான் விடை சொன்னேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். "ஐயா, பறவையைக் கூண்டில் அடைப்பது பெரும் பாவம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். என் வீட்டிலா கூண்டு இருக்கும்?" என்றேன். கூண்டைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். உலகம்மாள் வாயைத் திறந்தாள், திறந்தவள் இருமிவிட்டாள். ஆஸ்துமா என்று மருந்து எழுதித் தந்தார். ஒரு பொய் சொன்னேனா நான்? எங்கள் வீட்டில் கூண்டு இல்லை. வானத்துப் பறவை, தானாக வருகிறது, தானாகப் போகிறது.

அந்த மருந்து கேட்கவில்லை. அப்போதுதான் ஒரு நண்பர் நினைவூட்டினார். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பக்கவாதம் வந்தவர்களைப் புறா வளர்க்கச் சொல்வார்கள் அல்லவா? புறாவின் சிறகுக் காற்று பட்டால் வாதம் விலகும் என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். வாதத்துக்கே நல்லதென்றால் மூச்சுக்கு நல்லதாக இராதா? கையில் மருந்தை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தோமே என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அன்று முதல் மாலையானால் உலகம்மாளுக்குப் பால்கனியில் நாற்காலி போட்டேன். அவளைச் சுற்றித் தாராளமாகக் கம்பு தூவினேன். அவை இறங்கும்போது எழும் காற்று இருக்கிறதே, தலைமுடியெல்லாம் பறக்கும். இறகின் வெள்ளைத் தூள் மாலை வெயிலில் மினுமினுவென்று மிதக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கையில், ஐயா, கோயிலில் தூபம் காட்டுவது போல இருக்கும். அவள் நடுவில் உட்கார்ந்திருப்பாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"ஏங்க, துணிய வச்சுக்கிடுதேனே. நெஞ்ச அடைக்கி" என்றாள் ஒருநாள்.

"துணியை வைத்தால் காற்று எப்படி உள்ளே போகும்? எடு. ஆழமாக இழு" என்றேன்.

எடுத்துவிட்டாள். என் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை அவளுக்கு. அந்த ஒரு குணத்துக்காகவே அவளைப் பற்றி மேடையில் பலமுறை பேசியிருக்கிறேன்.

அவளுக்கும் அந்தப் பறவைகள் மேல் வெறுப்பில்லை, கேளுங்கள். மழைநாளில் ஒரு குஞ்சு கூட்டிலிருந்து விழுந்தது. தன் பழைய சேலையில் சுற்றி அடுக்களையில் வைத்து, பயறை ஊறவைத்து நசுக்கி ஊட்டினாள். தேறவில்லை. அவள்தான் கீழே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தாள். வந்து வெகுநேரம் இருமினாள். நான் அந்தச் சனிக்கிழமை அதைப் பற்றிப் பேசினேன். மண்டபத்தில் கண் கலங்காதவர் இல்லை. அன்றைக்குத்தான் கோயில் குழுவினர் எனக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்தினார்கள். இதோ, மடித்து வைத்திருக்கிறேனே, இதுதான். மாலையில் இரை போடும்போது இதைத் தோளில் போட்டுக்கொள்வேன். இப்போது அவளுக்குப் போர்த்தி அழைத்துப்போகக் கொண்டுவந்தேன். உதறிக் காட்டுகிறேன், ஜரிகையைப் பாருங்கள். அடடா, உங்களுக்கு இருமல் வந்துவிட்டதே. இறகுப் பொடிதான், ஒன்றும் செய்யாது. தண்ணீர் குடியுங்கள்.

எங்கே விட்டேன்? ஆம், தென்காசி. சாரல் காலத்தில் மகள் வந்து அழைத்துப்போனாள். திரும்பி வந்தபோது இவள் படியில் ஒரு முறைகூட நிற்கவில்லை, ஐயா. நின்று மூச்சு வாங்கியது நான்தான். கன்னம் பூரித்திருந்தது. இருமல் இல்லை. வந்தவள் பால்கனியைப் பார்த்தாள். அவள் இல்லாத நாளெல்லாம் சேர்ந்து கிடந்ததே, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு முழுவதையும் சுரண்டித் தள்ளினாள். அன்று மாலையே காய்ச்சல். விடிவதற்குள் பழைய இருமல்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சொல்லுங்கள். மகள் வீட்டில் இல்லாத இருமல் கணவன் வீட்டில் வருகிறதென்றால், அது உடம்பின் நோயா, மனத்தின் நோயா? நான் அவளிடமே கேட்டேன். "எனக்கு என்னத்தத் தெரியும்? அங்க மூச்சு வருது, இங்க வரல" என்றாள். மறுபடியும் போனாள், தேறினாள். வந்தாள், படுத்தாள். இருக்கும் இடத்தில் நிறைவு காணாத மனத்துக்கு எந்த மருந்தும் இல்லை என்று அதையும் ஒரு சனிக்கிழமை பேசினேன். பெயர் சொல்லவில்லை. அவள் முன்வரிசையில்தான் இருந்தாள்.

யாரோ வருகிறார்கள். இல்லை, சக்கர நாற்காலியில் வேறொரு பெரியவர். உங்கள் தகப்பனார் இல்லையே? சரி.

இந்த முறை உதடு நீலம் பாரித்துவிட்டது. செல்லத்துரைதான் ஆட்டோ பிடித்து இங்கே சேர்த்தார். நான் அப்போது மொட்டை மாடியில் கம்பு உலர்த்திக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு பெண் மருத்துவர், ஷமீமா என்று பெயர். இளம்பெண், என் மகள் வயதுகூட இராது. நெஞ்சுப் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு உலகம்மாளைப் பார்த்து, "வீட்ல ஒரு நாள் என்னென்ன வேலை செய்வீங்க? காலையில இருந்து சொல்லுங்கம்மா" என்றாள். நான் சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தினாள். "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அம்மா பேசட்டும்."

ஐயா, இதுதான் என் மனத்தில் முள்ளாகத் தைத்திருக்கிறது. கேட்பது ஒரு கலை; பிறர் பேசும்போது செவியைத் திறந்துவைக்கவேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என்னை வெளியே அனுப்பினாள். கதவில் கையகலக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். உலகம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடத்தில் அவளிடம் அவ்வளவு பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது. நடுவில் வலக்கையை இப்படி, பக்கவாட்டில், வீசி வீசிக் காட்டினாள். பெருக்குவது போல. பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் பரப்பி, விரல்களை அசைத்துக் காட்டினாள். தூள் மிதப்பது போல. வீட்டு வேலை அதிகம் என்று குறை சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள், வைத்ததை எடுத்தாள். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவை நோக்கித் திரும்பினாள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள்.

என்னை உள்ளே அழைத்து என்ன சொன்னாள் தெரியுமா? "சார், புறா எச்சம் காய்ஞ்சு தூளாகும். இறகுத் தூசியும் அதோட சேர்ந்து மூச்சுல போகும். சில பேரு நுரையீரல் அத விரோதியா நெனச்சு வீங்கிக்கும். தூசி நின்னா வீக்கம் வடியும். நிக்கலேன்னா தழும்பாயிரும். தழும்பு விழுந்த இடத்துல திரும்ப மூச்சு போகாது. அம்மாவுக்குப் பல இடத்துல தழும்பு விழுந்தாச்சு."

"எனக்கு ஒன்றுமில்லையே? ஒரே வீடு, ஒரே காற்று" என்றேன்.

"ஒங்களுக்கு இல்ல. அவங்களுக்கு இருக்கு" என்றாள்.

"சிறகுக் காற்று..." என்று தொடங்கினேன்.

"தெரியும் சார். நிறைய பேரு சொல்லுவாங்க. யாரும் அதுல குணமாகி நான் பாக்கல. மூச்சு நின்னு பாத்திருக்கேன்."

ஆலமரத்துக் கதையைச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள், அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்த பெண். முடிந்ததும், "கதை நல்லா இருக்கு சார். அம்மா திரும்ப அந்த வீட்டுக்குப் போறதா இருந்தா, அங்க புறா இருக்கக் கூடாது. கூடு, எச்சம், ஒங்க துணியில ஒட்டுன தூசிகூட கூடாது. அத சுத்தம் பண்றதும் அவங்க கூடாது" என்றாள். மறுபடியும் புறா இருந்தால் என்று கேட்டேன். "அடுத்த தடவை ஆட்டோ பிடிக்க நேரம் இருக்காது" என்றாள். அவ்வளவு பட்டென்று.

நான் பிடிவாதக்காரன் இல்லை, ஐயா. விட்டுக்கொடுத்தேன். பால்கனியில் போடுவதை நிறுத்தி, மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டேன். எத்தனை பெரிய தியாகம் என்று எனக்குத்தான் தெரியும். முதன்முதலில் வந்த அந்த வயதான ஆண்புறா இன்னும் பால்கனிச் சுவரில் வந்து உட்கார்ந்து கதவைப் பார்க்கிறது. பார்க்காதது போல நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இதை மகளிடம் சொன்னால், "மாடி நம்ம தலைக்கு மேலதானப்பா இருக்கு" என்கிறாள். கூட்டை எடுத்தீர்களா என்கிறாள். ஏசி பெட்டிக்குப் பின்னால் இரண்டு முட்டை இருக்கிறது, ஐயா. முட்டையின் மேல் தாய் உட்கார்ந்திருக்கிறது. தாயை எழுப்பிக் கூட்டைக் கலைக்கச் சொல்கிற மகளுக்கு என்ன பதில் சொல்வது?

ஒன்று சொல்கிறேன், மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அருகில் இருப்பதன் துன்பம் கண்ணில் படாதவனுக்குத் தூரத்தில் இருப்பதன் துன்பம் எப்படிப் படும்? இது சங்கத் தலைவரைக் குறித்து நான் சொன்னது. வலை போட்ட மனிதர்.

நேரம் என்ன ஆகிறது? உச்சிப்பொழுது ஆகப்போகிறது. காலையில் போடாமல் வந்துவிட்டேன், வீட்டில் அவை காத்திருக்கும். உலகம்மாளும் என்னோடு வருவாள் என்றுதான் நினைக்கிறேன். வருவாள். நேற்று மாலை கட்டில் பக்கத்தில் நின்றேன். முகத்தில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. "பூங்கோதை என்னென்னவோ சொல்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அவள் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நீங்க என்ன சொல்லுதீங்கன்னு கேக்கத்தான் நானும் கெடக்கேன். நாளைக்கு வெளிய வரும்போது வெறுங்கையோட நில்லுங்க. பையில்லாம. அது போதும். பேச வேண்டாம்."

வெறுங்கையோடு எப்படி நிற்பது, ஐயா? வீட்டுக்குப் போகிறவளுக்குப் போர்த்தப் பொன்னாடை வேண்டாமா? பை இருந்தால்தானே அதைக் கொண்டுவர முடியும். பைக்குள் கம்பும் இருந்தது. கூரையில் இவையும் இருந்தன. நானாகவா தேடிப்போனேன்?

பாருங்கள், ஊரே இறங்கிவிட்டது. என் காலைச் சுற்றி இடமே இல்லை. என்ன ஒரு நம்பிக்கை. செருப்பின் மேல் ஏறி நிற்கிறது பாருங்கள் ஒன்று.

அதோ. அதோ உலகம்மாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். முகத்தில் கவசம் கட்டியிருக்கிறார்கள். என்ன மெலிந்துவிட்டாள். கண் மட்டும் தெரிகிறது. என்னைப் பார்த்துவிட்டாள்.

ஏன் நின்றுவிட்டாள்? படி முடிந்துவிட்டதே, தரைதானே. வா, உலகம்மா. வா. இதோ, பொன்னாடை.

வரவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, ஐயா. என் காலைப் பார்க்கிறாள். புறாக்களைப் பார்க்கிறாள். பார்த்தீர்களா? நடந்தால் இவை கலைந்துவிடும் என்று நிற்கிறாள். சொல்லாமலே தெரிகிறது அவளுக்கு. நான் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை.

வலக்கையை வீசுகிறாள். இப்படி, பக்கவாட்டில். கண்ணாடியில் பார்த்தேனே, அதே மாதிரி. ஒரே ஒரு முறை. போதும் என்கிறாளா? தின்று முடியட்டும் என்கிறாள் போலிருக்கிறது. மகள் என்னைப் பார்க்கிறாள். அம்மாவின் தோளைத் திருப்பி அழைத்துப்போகிறாள். அந்தப் பக்கத்து வாசலில் வண்டி நிற்கிறது. அதுவும் சரிதான், வண்டி இங்கே வந்தால் இவை மிரளும். தென்காசிச் சாரல் இன்னும் முடியவில்லை. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும். வருவாள். எப்போதும் வந்திருக்கிறாள்.

வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வண்டி நகர்கிறது.

ஐயா, நீங்கள் கேட்டீர்களே, சுவர் விழுந்தபோது உள்ளே யார் இருந்தார்கள் என்று? அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டதிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது விடை தெரிந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. அந்தப் பெண் அதற்கு முன்பே வெளியே போய்விட்டாள். ஆகவே கதையில் குற்றமில்லை. வருகிற சனிக்கிழமை இதையும் சேர்த்துச் சொல்வேன்.

நீங்களும் எழுந்துவிட்டீர்களா? மெதுவாக எழுங்கள், ஐயா. இவை பறந்துவிடும்.